ஒன்றரை அடி வித்தியாசம்

இராஜபாளையம்
11-6-1989

சாரங்கபாணிக்கு,

நேற்று மில்லில் பகல் ஷிப்ட் முடிந்து ஐயாதுரை அண்ணன் ரேடியோ கடைக்குப் போனேன். நீயும் நானும் மோர்ஸ் தந்திக்குறி படித்த அதே பெஞ்சுக்கு மேலே, உன் புது அட்டையைக் கண்ணாடிக்குள் செருகி வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரனோடு ரேடியோவில் பேசியதற்கு அத்தாட்சியாகத் தபாலில் அனுப்புவாயே, அந்த அட்டை. எனக்கு ஒன்று அனுப்ப உனக்குத் தோன்றவில்லை. போகட்டும். நான் உன்னோடு ரேடியோவில் பேசியவன் இல்லை. பேசுவதற்கு எனக்கு லைசென்ஸ் வரவில்லை.

அட்டையில் உன் வீட்டு மொட்டை மாடி. ஆன்டெனா வெள்ளியாக மின்னுகிறது. கீழே இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது: ‘மூன்று குழாய் யாகி ஆன்டெனா. நிலையத்தாரே தம் கையால் செய்தது.’

உன் கையை ஒருநாள் காட்டு, பார்க்கிறேன். அலுமினியக் குழாயை அறுத்தபோது வாள் நழுவி என் இடது கட்டைவிரலில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. மில் குப்பையில் கிடந்த பேக்லைட் துண்டைக் கடைந்து குழாய்க்கு நடுவில் கொடுத்தது யார்? லாரி சக்கரத்து பேரிங்கைக் கம்பத்துக்கு அடியில் வைத்து, ஜன்னலில் இருந்து கயிற்றை இழுத்தால் முப்பதடி உயரத்து ஆன்டெனா பூனைபோலத் திரும்பும்படி செய்தது யார்? எந்த ஊர் எந்தத் திசை என்று கம்பத்தின் அடியில் லண்டன், ஜப்பான், மடகாஸ்கர் என்று பெயின்டில் கோடு போட்டது யார்?

நாலு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நாலு தடவையும் கொல்லைப்பக்கத்து வெளிப்படியில் ஏறி மாடிக்குப் போனேன், அதே படியில் இறங்கிப் பஸ் ஏறினேன். தண்ணீர் கைப்பிடிச் சுவர்மேல் வைக்கப்பட்டது. கயிறு உன் ஜன்னலுக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது எங்கே முடிகிறது என்று இன்றுவரை பார்த்ததில்லை. உன் ரேடியோ என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

இரண்டு பேரும் ஒரே நாளில் திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதினோம். மோர்ஸில் எனக்குத் தப்பே இல்லை. உனக்கு ஏழு. உனக்கு ஒரு வருஷத்தில் லைசென்ஸ் வந்தது. என் காகிதம் போலீஸ் விசாரணையிலேயே கிடக்கிறது. என்னை நன்றாகத் தெரியும் என்று அரசு உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தால் நகரும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த அரசு உத்தியோகம் நீ ஒருத்தன்தான். தையில் கேட்டேன். இப்போது வைகாசி முடியப்போகிறது.

இந்த வருஷம் ஆன்டெனாவைத் துடைத்து கிரீஸ் போட நான் வரமாட்டேன். கையால் செய்தவரே பார்த்துக்கொள்ளட்டும்.

வேல்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16-6-1989

அன்புள்ள வேல்சாமி,

உன் கடிதம் தாலுகா ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. தபாலைப் பிரித்துப் போடும் பியூன் முன்னால் நின்றுகொண்டு அதைப் படித்தேன். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுது.

அட்டையில் இடம் எவ்வளவு என்று அச்சகத்தில் போய்க் கேள். நான்கு விரல் அகலத்தில் உன் பெயர், என் பெயர், பேரிங்கின் பெயர் எல்லாம் போட முடியாது. உலகம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். புத்தகம் தேடிப் பிடித்துக் குழாய் எத்தனை அடி, இடைவெளி எத்தனை அடி என்று கணக்குப் போட்டது நான். அதையும் மறந்துவிடாதே.

கிரீஸ் விஷயமாகக் கவலை வேண்டாம். போன மாதமே எலெக்ட்ரீஷியன் மாரிசாமியை வைத்து முடித்தாயிற்று. மூன்று குழாயையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். நுனிகளில் நீ அடித்திருந்த சிவப்பு வளையமும் கறுப்பு வளையமும் போட்டோவில் கரகாட்டச் செம்புபோலத் தெரிந்தன. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே சில்வர் பெயின்ட் அடித்து மாட்டச் சொன்னேன். மாரிசாமி அரை நாளில் முடித்துவிட்டான். முன்போலவே திரும்புகிறது. எங்கள் தெருக் குரங்குகள்கூடப் புது ஆன்டெனா என்று நினைத்துக் கிட்டே வர யோசிக்கின்றன.

ரேடியோவில் பேசியது தொண்ணூற்றொரு நாடு ஆகிவிட்டது. இன்னும் ஒன்பது. நூறு முடிந்தால் அமெரிக்காவில் இருந்து சர்டிபிகேட் வரும். இந்த ஜில்லாவில் யாரும் வாங்கியதில்லை. அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. லைசென்ஸ் எனக்கு முதலில் வந்ததை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரிகிறது. ஐயாதுரை அண்ணன் கடையில் நான் மோர்ஸ் அடித்தால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். அதை நானும் மறக்கவில்லை.

விசாரணைக்கான கடிதம் கட்டாயம் எழுதுகிறேன். வசந்த உற்சவம், ஜமாபந்தி என்று ஒன்று மாற்றி ஒன்று.

சாரங்கபாணி


இராஜபாளையம்
2-7-1989

சாரங்கபாணிக்கு,

எனக்குப் பேசத்தான் லைசென்ஸ் இல்லை. கேட்பதற்கு யார் லைசென்ஸும் வேண்டாம். ஐயாதுரை அண்ணன் கொடுத்த பழைய ராணுவ ரிசீவர் ஓடுகிறது. அதில் ஒரு மில் மீட்டரைப் பொருத்தியிருக்கிறேன். சிக்னல் பலமாக வந்தால் முள் ஏறும்.

தினமும் சாயங்காலம் உன்னைக் கேட்கிறேன். யார் யாரோ பத்து பேர் அடித்தாலும் உன் மோர்ஸ் தனியாகத் தெரியும். புள்ளியைக் கோடாக இழுக்கிறாய். சுருக்கமாக வைக்க வேண்டிய இடத்தில் கை வழுக்குகிறது. சித்திரையில் ஒரு இத்தாலிக்காரன் உன்னிடம் பெயரை மூன்று தடவை கேட்டான். எங்கம்மா கேட்டாள்: “ஏலே, ஒரு மணி நேரமா காதுல மாட்டிக்கிட்டு பல்லைக் கடிக்க. என்ன பேசுதாவ அவிய?”

நேற்று நீ ஜப்பானைக் கூப்பிட்டாய். எனக்கு நன்றாகக் கேட்டது. ரொம்ப நன்றாகக் கேட்டது. முன்பெல்லாம் இப்படிக் கேட்டதில்லை. பெயின்ட் அருமை.

லண்டன் எப்படி இருக்கிறது?

வேல்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
23-7-1989

அன்புள்ள வேல்சாமி,

நீ லண்டனைக் கேட்டாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதைக் கேட்டு உனக்கு வயிறு எரிந்தால் நான் பொறுப்பில்லை.

ஆறு வாரமாக லண்டன் கோட்டில் வைத்தால் ஒருவனும் பதில் சொல்வதில்லை. ஜப்பான் கோட்டில் வைத்தால் ஜப்பான்காரன் செவிடன். பேட்டரியைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், சூரியனில் புயல் என்று செய்தி வந்ததால் அதையும் திட்டினேன். ஒருநாள் அலுத்துப்போய்க் கயிற்றைப் பிடித்துக் கம்பத்தை நேர் எதிர்ப்பக்கம் திருப்பினேன். ஐரோப்பா முழுக்க வந்து காதில் விழுந்தது! மடகாஸ்கர் கோட்டில் வைத்தால் ஜப்பான் வருகிறது!

புரிகிறதா? அலை நேர்வழியில் போகவில்லை. பூமியின் மறுபக்கத்தைச் சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கமாக வருகிறது. சுற்றுவழி என்று புத்தகத்தில் இருக்கிறது. எப்போதாவது ஒரு அரைமணி நேரம் வரும் என்றுதான் எழுதியிருக்கிறான். இங்கே எல்லா நாளும் எல்லா நேரமும் வருகிறது! மேற்கே மலை இருப்பதால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் இப்படி ஒரு விசேஷம் இருக்கலாம் என்று எழுதி மதுரை ரேடியோ சங்கத்துக்கு அனுப்பினேன். செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அரைமணி நேரம் இதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வைகுண்டராஜ் சாரே வருகிறாராம். தந்தி ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர், தென்ஜில்லாவில் அவரை மிஞ்சி ஆள் இல்லை.

இதையும் நீதான் கண்டுபிடித்தாய் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

சாரங்கபாணி


இராஜபாளையம்
6-8-1989

சாரங்கபாணிக்கு,

கண்டுபிடித்தது நீதான். நான் எந்தப் பங்கும் கேட்கமாட்டேன். தைரியமாகப் பேசு.

என் சமாச்சாரம். வியாழக்கிழமை விசாரணைக்கு ஒருவர் வந்தார். தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு, “வேல்சாமிங்கறது யாரு? வெளிய வா” என்றார். வீட்டுக்குள் வரவில்லை. பரீட்சைச் சான்றிதழைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மில்லுல எலெக்ட்ரிக் வேலை பாக்கறவனுக்கு ஒயர்லெஸ் எதுக்கு? யாருகூட பேசப்போற?” என்றார். யாரோடு வேண்டுமானாலும் பேசலாம், அதற்குத்தான் லைசென்ஸ் என்றேன். “இந்தத் தெருவுல இருந்தா?” என்று சிரித்தார். அம்மா எடுத்துவந்த கலர் சோடாவை வாங்கவில்லை.

போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். “உனக்கு வில்லிபுத்தூர்ல ஆளு உண்டாமே. அங்கயும் கேட்டாச்சு.”

யாரைக் கேட்டார்? எனக்கு அந்த ஊரில் உன்னைத் தவிர யாரையும் தெரியாது. என்ன சொன்னாய்?

கடிதம் எங்கே?

வேல்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18-8-1989

அன்புள்ள வேல்சாமி,

நீ நினைப்பதுபோல அவ்வளவு சுலபம் இல்லை. நான் ஜூனியர் அசிஸ்டென்ட். ஒயர்லெஸ் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கையெழுத்துப் போட்டால் மேலே கேள்வி வரும். இலங்கைப் பக்கம் நடப்பதெல்லாம் பேப்பரில் பார்க்கிறாய். கொஞ்சம் பொறுத்தால் தானாகவே வந்துவிடும். பார்க்கலாம்.

செப்டம்பர் கூட்டத்துக்கு நீயும் வா. லைசென்ஸ் உள்ளவர்கள் முன்வரிசை. மற்றவர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆன்டெனா படம் பெரிதாக வரைந்து எடுத்துப் போகிறேன்.

சாரங்கபாணி


இராஜபாளையம்
13-9-1989, புதன்

சாரங்கபாணிக்கு,

நீ பேசப்போவது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் இதைப் படி.

சுற்றுவழியும் இல்லை, மலை விசேஷமும் இல்லை. உன் ஆன்டெனா பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மூன்று குழாயில் நடுவில் இருப்பதற்குத்தான் வயர். முன்னால் இருப்பது குட்டை, பின்னால் இருப்பது நீளம். வித்தியாசம் ஒன்றரை அடி, ஒவ்வொரு நுனியிலும் முக்கால் அடி. தரையில் நின்று முப்பதடி உயரத்தில் பார்த்தால் உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. அதனால்தான் முன்குழாய்க்குச் சிவப்பு வளையமும் பின்குழாய்க்குக் கறுப்பு வளையமும் அடித்தேன். அதை நீ போட்டோவுக்காகச் சில்வரில் முக்கி எடுத்துவிட்டாய். மாரிசாமி எது எது என்று தெரியாமல் நீளக் குழாயை முன்னால் மாட்டிவிட்டான். கம்பத்தில் கோடு லண்டன் என்று சொல்லும். மேலே ஆன்டெனா ஆஸ்திரேலியாவைப் பார்க்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன் வீட்டில் இருந்து ஜப்பான் வடகிழக்கு. நேர் எதிரே தென்மேற்கில் என் வீடு, என் கூரையைத் தாண்டிக் கடல், அதைத் தாண்டினால் மடகாஸ்கர். நீ ஜப்பானைக் கூப்பிடும்போதெல்லாம் ஆன்டெனாவின் முதுகு எனக்கு. ஒன்றரை வருஷமாக அப்போது என் முள் மூன்றைத் தாண்டியதே இல்லை. மே மாதக் கடைசியில் இருந்து, நீ கம்பத்தை எதிர்ப்பக்கம் திருப்பும்வரை, ஒன்பதைத் தாண்டிப் போய் முட்டியது. ஜப்பானுக்கு நீ அனுப்பியதெல்லாம் அத்தனை நாளும் என் வீட்டில் வந்து விழுந்தது.

ஜூலையில் நான் எழுதியபோதே எனக்கு இது தெரியும். ‘பெயின்ட் அருமை’ என்று எழுதிவிட்டுச் சிரித்தேன். தொண்ணூற்றொன்றில் நீ நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஏணி போட்டு இரண்டு குழாயையும் மாற்றி மாட்டு. வேறொன்றும் செய்ய வேண்டாம்.

வேல்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
19-9-1989

வேல்சாமி,

உன் கடிதம் இன்று பகல் தபாலில் வந்தது. மேலே 13 என்று தேதி போட்டிருக்கிறாய். உறையில் தபால் முத்திரை 18.

மதுரையில் நாற்பது பேர் இருந்தார்கள். பலகையில் படத்தை மாட்டி அரைமணி நேரம் பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்கு நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் வைகுண்டராஜ் சார் எழுந்தார். ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார். “தம்பி, உங்க ஆன்டெனாவுல எது நீளம்? முன்னாடி இருக்கறதா, பின்னாடி இருக்கறதா?”

பின்னாடி இருக்கறது என்றேன். “அது புத்தகத்துல. உங்க மாடியில?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கையில் அட்டைக் கட்டு. எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருந்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, நிலையத்தாரே தம் கையால் செய்தது என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். “சரி, செஞ்சவரைக் கேட்டுச் சொல்லுங்க” என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். முதல் வரிசையில் இருந்த சின்னப் பையன்கூடச் சிரித்தான்.

புதன்கிழமை எழுதிய கடிதம் திங்கட்கிழமை எப்படித் தபாலுக்குப் போகிறது என்று எனக்குச் சொல்.

சாரங்கபாணி


இராஜபாளையம்
22-9-1989

ஏலே சாரங்கபாணி,

என் சட்டைப் பையில் இருந்தது. வேறெங்கே இருக்கும்?

மில் வாசலில் தபால் பெட்டி. வியாழன் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்தேன். வெள்ளி கடந்தேன். சனி ஓவர்டைம், நாலு தடவை கடந்தேன். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கறி எடுக்கச் சொல்லிச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நன்றாகவே இறங்கியது. நாலு மணி அடித்ததும் ‘இப்போ பேசிக்கிட்டு இருப்பான்’ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எதுவும் நன்றாக இல்லை. திங்கட்கிழமை காலையில் பெட்டியில் போட்டேன்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்கு வராது. என் குழாயை வைத்துக்கொண்டு நீ உலகத்தைக் கூப்பிடுகிறாய். புள்ளியைக் கோடாக அடிக்கிற கைக்கு உலகம் பதில் சொல்கிறது. இங்கே ஒரு தப்பும் இல்லாத கை, மேசைமேல் சும்மா தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருஷமாக.

நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். விசாரணைக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரைக் கேட்டார்? ஆகஸ்டில் கேட்டேன், பதில் இல்லை.

வேல்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
29-9-1989

வேல்சாமி,

என்னைத்தான் கேட்டார். பிப்ரவரியில். ஆபீசுக்கே வந்தார்.

“இராஜபாளையத்துல வேல்சாமின்னு ஒருத்தன். உங்க பேரைச் சொல்றான். தெரியுமா சார்?” என்றார். பக்கத்தில் ஹெட்கிளார்க் இருந்தார். “தெரியும். கூலிக்கு ஆன்டெனா வேலை செய்ய வருவான்” என்றேன். “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான்” என்றேன்.

ஹெட்கிளார்க் இருந்ததால் சொன்னேன் என்று ஏழு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உனக்கு லைசென்ஸ் வந்தால் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், எந்தக் கை நல்ல கை என்று. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நீ அடிக்க ஆரம்பித்தால் என்னை யார் கேட்பார்கள்? ஐயாதுரை அண்ணன் முதலில் என் அட்டையைக் கழற்றிவிட்டு உன்னுடையதை மாட்டுவார். பரீட்சை அன்று வெளியே வந்ததும் நீ, “ஏழுதானடே, பரவால்ல” என்று என் தோளில் தட்டினாய். அந்தத் தட்டல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

நேற்று லீவு போட்டு விசாரணை ஆபீசுக்கு நேரில் போனேன். கடிதம் கொடுத்துவிட்டேன். நகல் இதனுடன். ‘எனது நண்பர், என்னுடன் தேர்வெழுதி என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றவர், எனது நிலையத்தின் ஆன்டெனாவை வடிவமைத்து நிறுவியவர்’ என்று எழுதியிருக்கிறேன். படித்துப் பார். குறைந்திருந்தால் சொல்.

குழாய் இன்னும் மாற்றவில்லை. மாரிசாமியைக் கூப்பிடப் பிடிக்கவில்லை. உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை.

சாரங்கபாணி


இராஜபாளையம்
3-10-1989

சாரங்கபாணிக்கு,

‘வருவான்’ என்றாய். ஒரு ‘வருவார்’கூட வரவில்லை உனக்கு.

நகல் படித்தேன். அதில் ஒன்றும் குறையில்லை. பிப்ரவரியில் கொடுத்திருக்க வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வெளிப்படியில் ஏறமாட்டேன். முன்வாசல் வழியாக வந்து ரேடியோ இருக்கும் அறையில் நாற்காலியில் உட்காருவேன். மேலே ஏறப்போவது நீ. குழாயை நீ மாற்று. நான் உள்ளே இருந்து கேட்டுச் சரியா என்று சொல்கிறேன். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் மட்டும் எழுது, எனக்குப் புரிந்துவிடும். பத்து மணி பஸ்.

ஏணியை அடியில் கட்டிவிட்டு ஏறு. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் போதும்.

வேல்சாமி


இராஜபாளையம்
10-10-1989

சாரங்கபாணிக்கு,

உன் ரேடியோ சாம்பல் நிறம். நான் கறுப்பு என்று நினைத்திருந்தேன்.

நீ ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு “கால் நடுங்குதுடா” என்று கத்தியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை. சட்டையெல்லாம் சில்வர் பெயின்ட் ஒட்டி நீ கீழே எட்டிப் பார்த்து “இப்போ?” என்று கேட்டாய். அப்போது நான் கயிற்றை இழுத்து லண்டன் கோட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஹெட்போனில் முதலில் சலசலப்பு. பிறகு ஒரு இங்கிலீஷ்காரன், பக்கத்து அறையில் இருந்து அடிப்பதுபோல. உனக்கு ‘சரி’ என்று மட்டும்தான் சொன்னேன்.

அவன் யாராவது இருக்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மோர்ஸ் அடிக்கும் சாவி என் வலது கைக்கு நாலு அங்குலம் தள்ளி இருந்தது. நீ மாடியில். உன் அம்மா பத்மாசனி அம்மாள் கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுத்தவில்லை. அழுத்தினால் என் காகிதத்தை நானே கிழித்ததாகும். அவன் பதில் இல்லாமல் வேறு பக்கம் போய்விட்டான்.

அம்மா காபி கொடுத்தார். நல்ல காபி. நான் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போகவில்லை, கொல்லைக் குழாயடிக்குப் போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஒன்று கேட்கிறேன். நான் போன பிறகு அந்த நாற்காலியைக் கழுவினார்களா? உண்மையை எழுது.

வேல்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-10-1989

வேல்சாமி,

கழுவினாள்.

நீ தெருமுனை திரும்புவதற்குள் நாற்காலி கொல்லையில் இருந்தது. “நான் அவரை ஒண்ணும் சொல்லலையே, காபி குடுத்தேனே, என்னை என்ன பண்ணச் சொல்றே?” என்றாள். நான் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சாப்பிடாமல் படுத்தேன், அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மறுநாள் ரேடியோவை மாடியில் இருக்கும் தகர ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். நாற்காலியையும். வெயிலில் ஷெட் கொதிக்கிறது. குரங்கு வந்து வயரைப் பிடிக்கிறது. ஆனால் இப்போது நானும் வெளிப்படி வழியாகத்தான் போகிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், யாரும் எதையும் கழுவமாட்டார்கள்.

சாரங்கபாணி


இராஜபாளையம்
20-10-1989

சாரங்கபாணிக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. அதை எதிர்பார்க்கவில்லை.

ஷெட் விஷயம். நீ வெளியே வந்துவிட்டாய். நான் இன்னும் உள்ளே வரவில்லை. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்காதே. எனக்கு லைசென்ஸ் வரட்டும். அதுவரை உன் மாடிக்கும் வரமாட்டேன், உன் அறைக்கும் வரமாட்டேன்.

ஷெட் கூரைக்கும் ஆன்டெனா வயருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வை. தகரத்தில் உரசினால் போச்சு. குழாய் நுனியில் மறுபடியும் வளையம் அடி. சிவப்பு முன்னால்.

வேல்சாமி


அட்டை

பெறுபவர்: சாரங்கபாணி, ஸ்ரீவில்லிபுத்தூர்
அனுப்புபவர்: வேல்சாமி, இராஜபாளையம். லைசென்ஸ் கைக்கு வந்த நாள் 21-2-1991.
தொடர்பு கொண்ட நாள்: 24-2-1991, ஞாயிறு, மாலை 5.40.
ஆன்டெனா: இரண்டு குழாய். நிலையத்தார் கையால் செய்தது. கம்பம் நட்டவன், ஏணி பிடித்தவன்: ஸ்பின்னிங் செக்‌ஷன் சமுத்திரம். (அச்சகத்தில் கேட்டேன். இடம் இருக்கிறது என்றார்கள்.)
உன் மோர்ஸ்: இன்னும் மோசம்.
உன் சிக்னல்: முள் கடைசியில் போய் முட்டுகிறது. கம்பத்தை மடகாஸ்கர் கோட்டில் எனக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிகிறது. எத்தனை நாளாக அப்படி வைத்திருக்கிறாய்? தேவையில்லை. ஜப்பான் பக்கம் திருப்பு. உன் ஆன்டெனாவின் முதுகில் இருந்தே எனக்குக் கேட்கும், அது நான் செய்தது.
குறிப்பு: உனக்கு இப்போது தொண்ணூற்றெட்டு நாடு என்று ஐயாதுரை அண்ணன் சொன்னார். அவர் கடையில் என் அட்டையை உன்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். கழற்ற வேண்டாம் என்றேன், பக்கத்திலேயே இருக்கட்டும். எனக்கு நேற்றோடு ஒன்று. அந்த ஒன்று இந்தியா, அதாவது நீ. உன் நூறுக்கு முன்னால் என் நூறு வரும். சீக்கிரம் அடி.